மாணவன் என்ற புனைபெயர்

இரு கூட்டத்தாரின் சராசரிகளுக்கிடையே காணும் வித்தியாசம் மெய்யானதா, தற்செயலாய் நேர்ந்ததா என்று நிர்ணயிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர் நித்தமும் கையாளும் டி-சோதனை, சர்வகலாசாலை எதிலும் பிறவாமல், டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையின் தேவையிலே பிறந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஆச்சரியம் உண்டாகிறது.

1899-ல் அங்கே உத்தியோகத்தில் அமர்ந்த வில்லியம் கோசெட், சில மாதிரிகளையே வைத்து முடிவு கட்டவேண்டிய சங்கடத்தை அனுபவித்தவர். பெருந்தொகைக்கென்று வகுத்த கணிதமோ அச்சிறு தொகைக்கு உதவவில்லை. ஆகவே 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நந்நான்காக வகுத்து, 750 தொகுதிகளைக் கணக்கிட்டுத் சிறு தொகைக்கெனத் தாம் வகுத்த சூத்திரத்தைச் சரிபார்த்தார். என்ன சிரத்தை!

ஊழியர் சொந்தப் பெயரில் பிரசுரிக்கலாகாதென்பது ஆலையின் விதியாதலால், 1908-ல் ‘பயோமெட்ரிகா’ சஞ்சிகையில் இதுபற்றி வந்த அவர் கட்டுரை ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவன், என்ற பெயரைத் தாங்கிற்று. அதில் அவர் எடுத்துக்காட்டியது, பத்து நோயாளிகள் இரு தூக்க மருந்துகளால் கூடுதலாக உறங்கிய நேரம்: ஒன்றால் சராசரி 0.75 மணி, மற்றதால் 2.33 மணி. அது ஒரே மனிதர்களை இருமுறை அளந்த கணக்கு. வெவ்வேறு இரு கூட்டங்களை ஒப்பிடும் வழியை வகுத்து, 1925-ல் தம் நூலின் மூலம் பரப்பியவர் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர்.