பெயர் கேட்காத படப்பலகை

அரசாங்க ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளுக்கு எண் போட்டவன் நான். பேத்தி வரைந்த படத்தைக் கணினி பெயரே கேட்காமல் பத்திரப்படுத்தியபோது சற்றுத் திகைத்தேன். அந்த மென்பொருளின் பெயர் டக்ஸ் பெயின்ட்.

கதை ஒரு தகப்பனிடம் தொடங்குகிறது. அமெரிக்காவில் கிரெய்க் ஹிக்மன் என்பவரின் மூன்று வயது மகன் பென், மேக்பெயின்டில் வரைய ஆசைப்பட்டுத் திணறினான். கை தவறி எதையாவது அமுக்கினால் பெரியவர்களுக்கான பட்டியல்கள் வந்து விழும். மகனுக்காகவே கிட் பிக்ஸை எழுதிய அவர், 1989-ல் அதை இலவசமாக விட்டார். 1991-ல் ஒரு கம்பெனி வழியாக அது விலைச் சரக்காயிற்று. குறை சொல்லவில்லை, அவருக்கும் வயிறு இருக்கிறதே!

இலவச லினக்ஸில் குழந்தைகளுக்கு அப்படி ஒன்று இல்லையே என்று பில் கென்ட்ரிக் 2002-ல் டக்ஸ் பெயின்டை எழுதினார். மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். யாரும் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால், நிரலையும் அதே உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இனி ஒருவர் அதைப் பூட்டிவைக்க முடியாது. தன்னார்வலர்கள் பல மொழிகளில் பெயர்த்தார்கள், தமிழிலும்கூட.

ஒருநாள் ரகசியமாக பிரெஞ்சுக்கு மாற்றிச் சிவப்பை அழுத்தினேன். கீழே பென்குயின் பக்கத்தில் 'ரூஜ்!' என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் நிறங்களை அப்படித்தான் படித்தேன், வீட்டில் அம்மாவுக்கு அது சிவப்பு.

பேத்தி பழைய படங்களைத் திறந்தாள். எண்ணுமில்லை, பெயருமில்லை, எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக வரிசையாக நின்றன. தன் யானையை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு கோப்பைத் தேடி நான் தொலைத்த மத்தியானங்கள்தான் எத்தனை!