பெட்டியில் என்ன கொண்டு போகலாம், டீச்சர்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பழையபடி டீச்சர் வகுப்பெடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை சிங்கப்பூரிலிருந்து பேசினாள். இப்போது அவளுக்கு நல்ல வேலை, இரண்டு குழந்தைகள். "டீச்சர், எங்க சபையிலிருந்து பன்னிரண்டு பேர் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போறோம். அங்க ஒரு அனாதை இல்லத்துல பத்து நாள் இருக்கப் போறோம். பிள்ளைகளுக்குப் பாட்டு, விளையாட்டு எல்லாம் நான்தான் பொறுப்பு. பெட்டியில் என்னென்ன கொண்டு போகலாம், சொல்லுங்க" என்றாள்.

கேட்க சந்தோஷமாகத்தான் இருந்தது. வாய்ப்பாடு சொல்லப் பயந்து மேசைக்கு அடியில் ஒளிந்த பிள்ளை, இன்று ஊர் பேர் தெரியாத பிள்ளைகளுக்காகக் கடல் தாண்டிப் போகிறாள். ஆனால் உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாலு நாள் பொறு, எழுதி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில்தான் இது. அவளுடைய அனுமதியோடு எல்லோருக்கும் போடுகிறேன்.

பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் எல்லோருக்கும் டோனாவூர் தெரியும். களக்காட்டுப் பக்கம், மலையடிவாரத்து ஊர். ரேனியஸ் ஐயர் காலத்தில் பண உதவி செய்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அமைந்தது. அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அவர் எப்படிப் புறப்பட்டார், எத்தனை முறை தடுக்கப்பட்டார் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

அவர் 1867இல் அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். பதினேழு வயதில் தகப்பனை இழந்தார். பெல்ஃபாஸ்ட் நகர ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காகச் சில ஆண்டுகள் உழைத்தார். 1892இல் சீனாவுக்குப் போகத் துணிந்து, லண்டனில் பெட்டி கட்டித் தயாராக இருந்தார். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இந்த உடம்பு சீனாவுக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார். கட்டிய பெட்டி கட்டியபடியே திரும்பியது.

அடுத்த ஆண்டு ஜப்பானுக்குப் போனார். அங்கே நடந்ததாக அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தை நான் பல ஆண்டுகள் என் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நோயாளியான ஒரு கிழவியைப் பார்க்க மொழிபெயர்ப்பாளரோடு போகிறார். குளிர்காலம். கிழவி மனம் வைத்துக் கேட்கத் தொடங்குகிற நேரத்தில் அவள் கண் ஏமியின் ரோமக் கையுறை மேல் விழுகிறது. இது என்ன என்று கேட்கிறாள். பேச்சு கையுறைக்குத் திரும்பி, அத்தோடு முடிந்துபோகிறது. வீட்டுக்கு வந்த ஏமி, சீமை உடுப்பைக் கழற்றிவிட்டு ஜப்பானிய உடைக்கு மாறினார். தான் கொண்டுபோன பொருளே தனக்கும் அந்த மனுஷிக்கும் நடுவில் நிற்கும் என்பதை அந்தக் கையுறை அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

ஜப்பானிலும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இலங்கைக்குப் போய்ச் சிறிது காலம் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார். மூன்றாவது முயற்சியாக 1895இல் பெங்களூரு வந்து சேர்ந்தார். பிறகு திருநெல்வேலிக்கு வந்து, தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படித்தார். நம் பிள்ளைகளே தடுமாறுகிற றகர ரகரத்தை இருபத்தெட்டு வயதுக்கு மேல் உட்கார்ந்து படித்திருக்கிறார். சேலை கட்டினார். நம் பெண்களோடு சேர்ந்து கிராமம் கிராமமாக மாட்டுவண்டியில் போனார். அந்தப் பெண்களில் முக்கியமானவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை.

இவ்வளவும் ஆன பிறகுதான் 1901 மார்ச்சில், பண்ணைவிளையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். பொட்டுக்கட்டுவதற்காகக் கோயிலைச் சேர்ந்த பெண்களிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை அவள். அதாவது, லண்டனில் பெட்டி கட்டிய பெண்ணின் மடியில் முதல் பிள்ளை உட்கார ஒன்பது ஆண்டுகள் ஆயிற்று. அந்த ஒன்பது ஆண்டும் ஆயத்தம்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சிறுமி அனாதை அல்ல. அதற்கு முன்பே ஒருமுறை தப்பித்துத் தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடம் ஓடியிருக்கிறாள். பயந்துபோன தாய், பிள்ளையைத் திரும்ப அனுப்பிவிட்டாள். தாய் உயிரோடு இருந்தும், அவளுக்குப் பின்னால் நிற்க ஆளில்லை.

பிறகு பிள்ளைகள் பெருகினார்கள். 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்தார்கள். பிழைக்காமல் போன குழந்தைகளும் உண்டு. மருத்துவ வசதிக்காக நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிப் பக்கம் குழந்தைகளை வைத்து வளர்த்தார்கள். பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார். 1915இல் இறக்கும்வரை அவர்தான் தூண். மேடைகளில் இந்தப் பெயரை அதிகம் சொல்வதில்லை என்பது என் பழைய மனக்குறை. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண்களைப் பிள்ளைகள் "சித்தி" என்றார்கள். ஆண்களை "அண்ணாச்சி" என்றார்கள். உறவுமுறை சொல்லிக் கூப்பிட வேண்டுமானால் ஆள் அங்கேயே இருக்க வேண்டுமல்லவா? ஏமி ஐம்பத்தைந்து ஆண்டுகள் இருந்தார். விடுமுறைக்குக்கூட ஊர் திரும்பவில்லை. 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு கடைசி இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையில்தான். 1951 ஜனவரியில் டோனாவூரிலேயே இறந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்றவருக்குப் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, "அம்மை" என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பிள்ளையைக் கடத்தியதாக அவர்மேல் புகார்கள் வந்தன, வழக்கும் நடந்தது. ஒரு பெண்பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்க நீதிமன்றம் சொல்லியும் அந்தப் பிள்ளை தாயிடம் போய்ச் சேரவில்லை. பிள்ளையைக் காக்கத்தான் செய்தார்கள் என்பார்கள், இருக்கலாம். ஆனாலும் அந்தத் தாய் சொன்ன கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. வரலாறு படிப்பவர்கள் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். மேலும், பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குக் கதவடைத்தது இல்லம் அல்ல, சட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் வந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். கப்பலில் வாரக்கணக்கில் போன இடத்துக்கு இப்போது விமானத்தில் சில மணி நேரத்தில் போகிறோம். திரும்புவதும் அவ்வளவு சுலபம். அதனால் ஊழியத்துக்கும் "பத்து நாள்" என்ற கணக்கு வந்துவிட்டது.

2010 ஜனவரி 12ஆம் தேதி ஹைட்டி நாட்டில் பெரும் நிலநடுக்கம். அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்காவிலிருந்து பாப்டிஸ்ட் சபையார் பத்துப் பேர் உதவ ஓடினார்கள். 33 பிள்ளைகளை ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு, பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசில் இல்லம் அமைத்து வளர்க்கப் புறப்பட்டார்கள். எல்லையில் போலீஸ் தடுத்தது. அந்தப் பிள்ளைகளை அழைத்துப்போக உரிய தாள் ஒன்றும் கையில் இல்லை. விசாரித்தபோது பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருப்பது தெரியவந்தது. எங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும் என்று நம்பி அவர்களே கொடுத்திருந்தார்கள். போன பத்துப் பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நம்மைப்போல ஜெபித்து, பணம் சேர்த்து, பெட்டி கட்டிப் போனவர்கள்தான். அங்கே உள்ளவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கவில்லை.

கம்போடியாவின் கதை வேறு மாதிரி. 1975 முதல் 1979 வரை நடந்த போல்பாட் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அன்று அந்த நாட்டில் உண்மையாகவே அனாதைகள் நிறைய. ஆனால் நாடு அமைதியாகி வருமானம் ஏறிய காலத்தில் இல்லங்கள் குறைய வேண்டும் அல்லவா? கூடின! 2005இலிருந்து 2010க்குள் இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு உயர்ந்தது. யுனிசெஃப் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரிந்தது. வெளிநாட்டினர் வந்து பார்க்கிறார்கள், காணிக்கை தருகிறார்கள் என்றவுடன், ஏழை வீடுகளிலிருந்து படிப்பு ஆசை காட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கும் இல்லங்களும் முளைத்தன. இப்படிப்பட்ட அனாதை இல்லச் சுற்றுலாவிலிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானத்தில் சொல்லவேண்டி வந்தது.

"சோறும் படிப்பும் கிடைக்கிறதே டீச்சர், அதில் என்ன கெடுதல்?" என்று கேட்பீர்கள். ருமேனியாவைப் பாருங்கள். 1989இல் சௌஷெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது அந்நாட்டு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இருந்தார்கள். பிற்பாடு, புக்கரெஸ்ட் நகரில் இல்லங்களிலிருந்த 136 சின்னக் குழந்தைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவும் மனமும் தேறின. இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். பிள்ளைக்குச் சோற்றைப்போலவே, மாறாத ஒரு முகமும் தேவை.

இதை ஆய்வு இல்லாமலே ஒரு சிறுமி எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து இல்லத்திலிருந்து சில பிள்ளைகள் படிக்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது பிறந்தநாள் கொண்டாட அங்கே வருவார்கள். கேக், பலூன், போட்டோ. ஒரு திங்கட்கிழமை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நேத்து வந்த அக்கா என்னைத் தூக்கி வச்சிருந்தாங்க. மறுபடி எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். அடுத்த வாரம் வேறு அக்கா வந்தாள். அதற்கடுத்த வாரம் இன்னொருத்தி. பரீட்சை முடிவதற்குள் அந்தப் பிள்ளை கேட்பதை விட்டுவிட்டாள். யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வாள், போனால் திரும்பிப் பார்க்க மாட்டாள். எவ்வளவு நன்றாகப் பழகுகிறாள் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். நானும் அப்போது எதுவும் செய்யவில்லை. அந்த ஊமைத்தனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

எனவே, என் கண்ணே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். பெட்டி கட்டுவதற்கு முன்பு அந்த இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுது. அரசாங்கத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள்? அவர்கள் எப்போது வந்து பார்க்கிறார்கள்? ஒரு பிள்ளையைத் திரும்ப வீட்டுக்கு அனுப்ப என்ன முயற்சி எடுக்கிறீர்கள்? வெளியாட்களைப் பிள்ளைகளோடு தனியாக விடுவீர்களா? இப்படிக் கேட்டால் நல்ல இல்லம் கோபப்படாது, சந்தோஷப்படும்.

பதில் திருப்தியாக இருந்து போவதானால், பிள்ளைகளை மடியில் வைப்பதைவிட, அவர்களை ஆண்டு முழுவதும் வளர்க்கிற ஆயாம்மாக்களுக்குத் துணையாகப் போ. உங்கள் குழுவில் இரண்டு நர்ஸ்கள் உண்டு என்றாய். முதலுதவியைப் பெரியவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். கணக்குத் தெரிந்தவர் கணக்கைச் சீர்செய்யட்டும். கெமெர் மொழியில் நாலு வார்த்தையாவது படித்துக்கொள். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்துப் போடாதே. உன் பிள்ளைகளின் படத்தை முன்பின் தெரியாதவர் போட்டால் சும்மா இருப்பாயா?

பதில் திருப்தியில்லை என்றால், பன்னிரண்டு பேரின் விமான டிக்கெட் காசையும் சேர்த்துப் பார். அது எத்தனை தாய்மார்கள் தங்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க உதவும்! அப்படிக் குடும்பங்களைத் தாங்குகிற அமைப்புகள் அங்கே இருக்கின்றன, விசாரி.

வேதத்தைக் காட்டிச் சொன்னால்தான் சபையில் எடுபடும் என்றாய். யாக்கோபு நிருபம் முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடு. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறது. நாம் பிள்ளையை மட்டும் பிடித்துக்கொண்டு விதவையை விட்டுவிடுகிறோம். அந்தத் திக்கற்ற பிள்ளையின் தாய்தானே பெரும்பாலும் அந்த விதவை? தாயைத் தாங்கினால் பிள்ளைக்கு இல்லமே வேண்டாம்.

இதைப் போடும் முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பலூன் எல்லாம் வாங்கிட்டேனே டீச்சர்" என்றாள். அது இருக்கட்டும், உன் பிள்ளைகள் விளையாடட்டும், நீ முதலில் கடிதம் எழுது என்றேன். நேற்று இரவு எழுதி அனுப்பிவிட்டாளாம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

உங்களில் இப்படிப் போய் வந்தவர்கள், இல்லத்தில் வளர்ந்தவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். மனமிருந்தால் கீழே எழுதுங்கள். டீச்சர் சொன்னதில் தவறு இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். திருத்திக்கொள்ள எனக்கு இன்னும் வயதாகிவிடவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்