இண்டி ஃபோக் இசையின் தோற்றமும் வளர்ச்சியும்: உடைமை நோக்கில் ஒரு வரலாற்றாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இண்டி ஃபோக் என்று வழங்கப்பெறும் இசைவகை 1990களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. மின்னிணைப்பில்லாத கிட்டார், தணிந்த குரல், எளிய ஒலிப்பதிவு ஆகிய ஒலிக்கூறுகளைக் கொண்டே இவ்வகை பெரும்பாலும் அடையாளம் காணப்படுகிறது. ஒலிக்கூறுகளைவிட, பாடலைப் பதிவுசெய்தவர் யார், அதைத் தேர்ந்து பரப்பியவர் யார், அதன் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாக்களே இவ்வகையின் வரலாற்றைத் தெளிவாக்கும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நாட்டாரிசைக்கு 1954ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தொடர்ச்சி, மாறுபாடு, தேர்வு என்னும் மூன்று அளவுகோல்களைக் கொண்டு இக்கருதுகோள் சோதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நாட்டாரிசை, சுயாதீன இசை, வீட்டு ஒலிப்பதிவு, மறுவெளியீடு, பதிப்புரிமை

முன்னுரை

இண்டி ஃபோக் என்னும் தொடர் இரு சொற்களால் ஆனது. ‘இண்டி’ என்பது பெருநிறுவனங்களைச் சாராத சுயாதீன நிலையைக் குறிக்கும். ‘ஃபோக்’ என்பது நாட்டார் என்னும் பொருளுடையது. முதற்சொல் ஒரு வணிக நிலையையும், இரண்டாம் சொல் ஒரு மக்கள் கூட்டத்தையும் சுட்டுகின்றன. இரண்டில் எதுவும் ஓர் ஒலியைச் சுட்டவில்லை. ஆயினும் இன்று இத்தொடர் ஒரு குறிப்பிட்ட ஒலியின் பெயராகவே நின்றுவிட்டது. இப்பொருள்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதனால் எது இழக்கப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1954ஆம் ஆண்டின் வரையறை

அனைத்துலக நாட்டாரிசைக் கழகம் 1947ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அது 1954ஆம் ஆண்டு பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் கூடியபோது நாட்டாரிசைக்கு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. அதன்படி, வாய்மொழியாகக் கையளிக்கப்பட்டு வளரும் இசையே நாட்டாரிசை. அதனை உருவாக்கும் காரணிகள் மூன்று: நிகழ்காலத்தைக் கடந்த காலத்தோடு இணைக்கும் தொடர்ச்சி, தனியொருவரின் அல்லது குழுவின் படைப்பூக்கத்தால் எழும் மாறுபாடு, எவ்வடிவம் நிலைக்க வேண்டும் என்பதைச் சமூகமே முடிவுசெய்யும் தேர்வு.

இவ்வரையறை ஏற்கப்பட்ட காலத்திலேயே இசைத்தட்டும் வானொலியும் வாய்மொழியின் இடத்தைப் பெருமளவு பிடித்திருந்தன. எனவே இவ்வரையறையை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், ஒப்பிட்டுக் காண்பதற்குரிய அளவுகோலாக மட்டுமே இக்கட்டுரை பயன்படுத்துகிறது.

தொடர்ச்சி: மறுவெளியீடுகளின் பணி

நாட்டாரிசைக்கும் சுயாதீன வெளியீட்டுக்குமான உறவு ‘இண்டி’ என்னும் சொல்லுக்கு முற்பட்டது. பிரித்தானியாவின் டாபிக் நிறுவனம் தொழிலாளர் இசைச் சங்கத்தின் கிளையாக 1939ஆம் ஆண்டு தோன்றியது. நியூயார்க்கில் மோசஸ் ஆஷ், மரியன் டிஸ்ட்லர் ஆகியோர் 1948ஆம் ஆண்டு ஃபோக்வேஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். விற்பனை குறைந்த தட்டையும் பட்டியலிலிருந்து நீக்காமை ஆஷின் கொள்கையாக இருந்தது. 1986இல் அவர் மறைந்தபின், 1987ஆம் ஆண்டு ஸ்மித்சோனியன் நிறுவனம் ஃபோக்வேஸைப் பெற்றுக்கொண்டது. 2,100க்கும் மேற்பட்ட தொகுப்புகள் அனைத்தும் தொடர்ந்து கிடைக்கச் செய்யப்பட வேண்டும் என்பது அக்கையளிப்பின் நிபந்தனையாக அமைந்தது.

ஃபோக்வேஸ் வெளியீடுகளில் ஹாரி ஸ்மித் 1952ஆம் ஆண்டு தொகுத்தளித்த ‘அமெரிக்க நாட்டாரிசைத் திரட்டு’ தனியிடம் பெறுகிறது. இதிலுள்ள 84 பதிவுகள் கள ஆய்வில் திரட்டப்பட்டவை அல்ல. 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் வணிக நிறுவனங்கள் விற்ற தட்டுகளிலிருந்தே அவை எடுக்கப்பட்டன. அந்நிறுவனங்கள் கறுப்பினத்தாருக்கு ஒரு பட்டியலும், தென்மாநில வெள்ளையருக்கு வேறொரு பட்டியலும் வைத்திருந்தன. ஸ்மித் இப்பிரிவினையைக் கைவிட்டார். பாடகரின் இனத்தை எங்கும் குறிப்பிடாமல் பாடல்களை அடுத்தடுத்து வைத்தார்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928ஆம் ஆண்டில் பாடிய பாடல்கள் இத்திரட்டின் வழியே புதிய தலைமுறையை அடைந்தன. 1963இல் அவர் தம் சொந்த ஊரில் தேடிக் கண்டறியப்பட்டு, அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டாரிசை விழாவில் பாடினார். ஒரு தலைமுறை முற்றிலும் மறந்த குரலை மறுவெளியீடு மீட்டளித்தமைக்கு இது முதன்மையான சான்றாகும். 1997இல் இத்திரட்டு குறுந்தட்டாக மீண்டும் வெளிவந்தது.

பிரித்தானியாவிலும் இதற்கு இணையான நிகழ்வுகள் உண்டு. நிக் டிரேக் மூன்று தொகுப்புகளை வெளியிட்டு, 1974ஆம் ஆண்டு தம் 26ஆம் வயதில் மறைந்தார். வாழ்நாளில் அவை மிகக் குறைவாகவே விற்றன. வாஷ்டி பனியனின் முதல் தொகுப்பு 1970இல் வெளிவந்து கவனிப்பாரின்றிப் போனது. அது 2000இல் மறுவெளியீடு பெற்ற பின்னரே அவர் மீண்டும் இசைக்குத் திரும்பினார். அவருடைய இரண்டாம் தொகுப்பு 35 ஆண்டுகள் கழித்து 2005இல் வெளிவந்தது. டெவேந்திர பன்ஹார்ட் உள்ளிட்ட இளைய கலைஞர்கள் அவரைத் தம் முன்னோடியாகக் கொண்டாடினர்.

இவற்றால், இண்டி ஃபோக்கில் தொடர்ச்சி என்னும் அளவுகோல் நிறைவேறுகிறது எனலாம். ஆனால் அது பாட்டியிடமிருந்து பேர்த்திக்கு வந்த தொடர்ச்சியன்று. பழைய தட்டைத் தேடியெடுத்த ஒருவரிடமிருந்து முன்பின் அறியாத கேட்பவருக்கு வந்த தொடர்ச்சியாகும்.

தேர்வு: சிறுநிறுவனங்களின் வலைப்பின்னல்

பஸ்காக்ஸ் குழு 1977ஆம் ஆண்டு மான்செஸ்டரில் தன் முதல் தட்டைத் தானே பணம் திரட்டி வெளியிட்டது. இதைப் பின்பற்றிப் பிரித்தானியாவில் பல சிறுநிறுவனங்கள் தோன்றின. 1980இல் சுயாதீனத் தட்டுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் தொடங்கப்பட்டது. பெருநிறுவனங்களின் விநியோக அமைப்பைச் சாராமல் தட்டு கடைக்குச் சென்றிருக்க வேண்டும் என்பதே இப்பட்டியலில் இடம்பெறுவதற்கான தகுதி. அதன் ஒலி எவ்வகையினதாயினும் தடையில்லை. ‘இண்டி’ என்பது தொடக்கத்தில் ஒலியின் பெயரன்று, தட்டு பயணம் செய்த வழியின் பெயரே என்பதற்கு இது தெளிவான சான்று.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில் 1982ஆம் ஆண்டு ‘கே’ நிறுவனம் ஒலிநாடா வெளியீடாகத் தொடங்கியது. அதே நகரில் 1991இல் ‘கில் ராக் ஸ்டார்ஸ்’ தோன்றியது. சிகாகோவின் ‘டிராக் சிட்டி’ 1993இல் வில் ஓல்டமின் பேலஸ் பிரதர்ஸ் குழுவின் முதல் தொகுப்பை வெளியிட்டது. எலியட் ஸ்மித்தின் முதல் தனித்தொகுப்பு 1994இல் போர்ட்லாந்தின் சிறுநிறுவனம் ஒன்றின் வழியே வெளிவந்தது. எந்தப் பாடல் நிலைக்க வேண்டும் என்பதை ஊர் முடிவுசெய்த இடத்தில், இப்போது சிறுநிறுவனம், கல்லூரி வானொலி, சிறுபத்திரிகை, தட்டுக்கடை ஆகியவை இணைந்து முடிவுசெய்தன. ஆர்தர் இதழுக்காக 2004ஆம் ஆண்டு பன்ஹார்ட் தம் காலத்துக் கலைஞர்களைத் தேர்ந்து ஒரு திரட்டை உருவாக்கியமை, இவ்வலைப்பின்னல் தன்னைத்தானே அடையாளம் கண்டுகொண்ட தருணமாகும்.

எனினும் இச்சுயாதீனம் முழுமையானதன்று. சியாட்டிலின் ‘சப் பாப்’ நிறுவனத்தின் 49 விழுக்காடு பங்கை 1990களின் நடுப்பகுதியில் வார்னர் இசை நிறுவனம் வாங்கியது. இவ்வகையின் அடையாளங்களாகக் கருதப்படும் அயர்ன் அண்ட் வைன், ஃப்ளீட் ஃபாக்சஸ் ஆகியோரின் முதல் தொகுப்புகள் முறையே 2002, 2008 ஆண்டுகளில் இந்நிறுவனத்திலிருந்தே வந்தன.

மாறுபாடு: வீட்டு ஒலிப்பதிவும் அதன் எல்லையும்

1979ஆம் ஆண்டு டீயாக் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டுடியோ 144’ என்னும் கருவியை அறிமுகம் செய்தது. சாதாரண ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிவுசெய்து இணைக்க இது உதவியது. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகையும் பொறியாளரின் ஊதியமும் இன்றி, ஒருவர் தனியே தம் அறையில் ஒரு முழுப் பாடலை உருவாக்குதல் இதனால் இயன்றது. நாடாவின் இரைச்சல், நாற்காலியின் கிறீச்சொலி, அண்டை வீட்டாருக்குக் கேளாதவாறு தாழ்த்திய குரல் ஆகியவை இச்சூழலின் விளைவுகள். பின்னாளில் இவையே நேர்மையின் அடையாளங்களாகப் போற்றப்பட்டன.

வீட்டுப் பதிவும் சுயாதீனமும் ஒன்றல்ல என்பதைப் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982ஆம் ஆண்டுத் தொகுப்பு காட்டுகிறது. குழுவினருக்கான மாதிரியாக இக்கருவியில் அவர் வீட்டில் பதிவுசெய்தவற்றைப் பெருநிறுவனமான கொலம்பியா அப்படியே வெளியிட்டது.

1954ஆம் ஆண்டு வரையறை கூறும் மாறுபாடு இங்கு நிகழ்ந்ததா என்பதே அடிப்படை வினா. வாய்மொழி மரபில் ஒரு பாடல் வாய்க்கு வாய் மாறும். மாற்றும் உரிமை பாடும் ஒவ்வொருவருக்கும் உண்டு. வீட்டுப் பதிவிலோ பாடலை எழுதியவரும் பாடியவரும் பதிவுசெய்தவரும் ஒருவரே. அவர் பதிவுசெய்த வடிவமே மூல வடிவம். மற்றவர் அதை மாற்றுவார் என்னும் எதிர்பார்ப்பு அங்கு இல்லை. ஜஸ்டின் வெர்னன் 2006–07 குளிர்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்து வேட்டைக் குடிலில் தனித்திருந்து, போன் இவேர் என்னும் பெயரில் வெளிவந்த தொகுப்பின் பெரும்பகுதியை உருவாக்கினார். அப்பாடல்களின் அளவுக்கு அவர் தனித்திருந்த செய்தியும் பரவியது. கூடியிருந்து பாடுவதால் உருவான ஓர் இசைமரபின் பெயர், தனித்திருந்து பாடுவதன் பெயராக மாறியதை இது உணர்த்துகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. அனேயிஸ் மிட்செல், ஜெஃபர்சன் ஹேமர் ஆகிய இருவரும், 19ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு திரட்டிய 305 கதைப்பாடல்களிலிருந்து ஏழினைத் தேர்ந்து, 2013இல் புதுவடிவில் பாடினர். சாம் அமிடன் பழம்பாடல்களைப் பிரித்தும் சேர்த்தும் புதிய இசைக்கோலங்களில் அமைத்து வருகிறார். எனினும் பொதுப்போக்கு தனியொருவர் இயற்றிய பாடல்களை நோக்கியதே.

உரிமையும் விடுபட்டோரும்

மாறுபாட்டின் இழப்பு உரிமைச் சிக்கலோடு பிணைந்தது. லெட் பெல்லி என்று அறியப்பட்ட ஹடி லெட்பெட்டரை, ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் 1933ஆம் ஆண்டு லூசியானாவின் அங்கோலா சிறையில் பதிவுசெய்தனர். அவர் பாடிய ‘குட்நைட் ஐரீன்’ தம் குடும்பத்து மூத்தவரிடம் அவர் கற்றது. 1949 டிசம்பரில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு வீவர்ஸ் குழுவினர் பாடிய அதே பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பதிப்புரிமையில் லெட்பெட்டரின் பெயரோடு சேகரிப்பாளரான ஜான் லோமாக்ஸின் பெயரும் இடம்பெற்றது. பலர் வாயில் மாறிவந்த பாடல், காகிதத்தில் ஏறியபோது ஒருசிலரின் உடைமையாயிற்று.

மற்றொரு விடுபடலும் கருதத்தக்கது. பாஞ்சோ ஆப்பிரிக்க மூலத்தைக் கொண்ட கருவி. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களால் கரீபியப் பகுதியிலும் அமெரிக்காவிலும் உருவாக்கப்பட்டது. ஆயினும் இண்டி ஃபோக்கின் முகங்களாக முன்னிறுத்தப்பட்டோர் பெரும்பாலும் வெள்ளையினத்தவரே. இச்சூழலில் 2005ஆம் ஆண்டு உருவான கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவினர் வட கரோலினாவின் முதிய பிடில் கலைஞர் ஜோ தாம்சனை நாடிச் சென்று, அவருடன் அமர்ந்து வாசித்தே பாடல்களைக் கற்றனர். இக்குழுவின் தொகுப்பு 2011இல் கிராமி விருது பெற்றது. தொடர்ச்சி, மாறுபாடு, தேர்வு மூன்றும் ஒருங்கே நிறைவேறிய இந்நிகழ்வு, இண்டி ஃபோக் என்னும் பெயர்ப்பலகைக்கு அப்பால் நடந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

பெருஞ்சந்தையில் ஒரு பெயர்

1999ஆம் ஆண்டின் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் கார் விளம்பரத்தில் நிக் டிரேக்கின் பாடலைப் பயன்படுத்தியது. அதன்பின் அவருடைய தட்டுகளின் விற்பனை வாழ்நாளில் கண்டிராத அளவுக்கு உயர்ந்தது. தேர்வு செய்யும் ஆற்றல் தட்டுக்கடையிலிருந்து விளம்பரத்துக்கு இடம்பெயர்ந்ததை இது காட்டுகிறது. 2013இல் மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ் குழு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. 2021இல் அதே விருது டெய்லர் சுவிஃப்ட்டின் ‘ஃபோக்லோர்’ தொகுப்புக்குச் சென்றது. அதன் உருவாக்கத்தில் தி நேஷனல் குழுவின் ஆரன் டெஸ்னரும், ஒரு பாடலில் போன் இவேரும் பங்கேற்றனர்.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகிறது. சுவிஃப்ட் 2018இல் யுனிவர்சல் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி தம் புதிய பதிவுகளின் உரிமையைத் தாமே வைத்துக்கொண்டார். பெருநிறுவனத்தோடு இருந்தும் அவர் உடைமையாளர். மறுபுறம், சிறுகலைஞர்கள் தம் பாடல்களை நேரடியாக விற்க உதவிய பேண்ட்கேம்ப் தளம் 2022இல் எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கும், 2023இல் சாங்டிராடர் நிறுவனத்துக்கும் கைமாறியது. இரண்டாம் கைமாற்றத்தின்போது ஏறத்தாழப் பாதிப் பணியாளர்கள் வேலையிழந்தனர். கலைஞர் சுயாதீனமாக இருப்பினும் அவர் விற்கும் கடை அவருடையதன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. தொடர்ச்சி என்னும் அளவுகோலை மறுவெளியீடுகள் வழியே இண்டி ஃபோக் நிறைவேற்றியது. தேர்வு என்னும் அளவுகோலைச் சிறுநிறுவனங்களின் வலைப்பின்னல் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் நிறைவேற்றியது. பின்னர் அத்தேர்வு விளம்பரத்துக்கும் பெருந்தளங்களுக்கும் சென்றது. மாறுபாடு என்னும் அளவுகோலைப் பெரும்பாலும் அது நிறைவேற்றவில்லை. ஆகவே இண்டி ஃபோக்கில் நாட்டார் தன்மை இருந்த இடம் பாடலன்று; பாடலைத் தேடி, காத்து, கைமாற்றிய கேட்போர் கூட்டமே அதன் நாட்டார். அக்கூட்டத்தின் கையிலிருந்த தேர்வு வேறிடம் சென்றபின் எஞ்சியது ஒரு கிட்டாரின் ஒலி மட்டுமே. ஓர் இசை நாட்டாரிசையா என்று வினவுவோர், அதன் கருவிகளைக் காண்பதற்கு முன் அதனை மாற்றிப் பாடும் உரிமை யாருக்கு உண்டு என்று வினவுதல் தகும்.