உண்ட மருந்தும் கதிரியக்கச் சுவடும்

பிணிக்கு மருந்துண்ணும் வழக்கம் மிகப் பழையது. உண்ட மருந்தில் எவ்வளவு குருதியிற் கலந்தது என்பதைத் துல்லியமாக அளக்கும் முயற்சியோ அண்மைக் காலத்தது. குறைவாகக் கலப்பின் நோயாளி பயன் பெறான். மிகுதியாகக் கலப்பின் மருந்தே நஞ்சாகும். இவ்வளவை மதிப்பிட உதவிய முறையொன்று, இரசாயன ஆய்வுகூடத்தில் நேர்ந்த ஒரு தோல்வியிலிருந்து தோன்றியமை வியப்புக்குரியது.

அங்கேரி நாட்டறிஞரான ஜோர்ஜ் டி எவெசி 1911இல் மான்செஸ்டர் நகரில் இரதபோட்டுப் பேராசிரியரிடம் பணிபுரிந்தார். ஈயத்தோடு கலந்திருந்த ‘இரேடியம் டி’ என்னும் பொருளைப் பிரித்தெடுக்குமாறு அவர் பணிக்கப்பட்டார். பலவாறு முயன்றும் அது கைகூடவில்லை. அப்பொருள் ஈயத்தின் சமதானியே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பிரிக்கவொண்ணாதது, தன்னுடன் செல்லும் பொருளுக்கு அடையாளமாகலாமன்றோ? இவ்வெண்ணத்தை எவெசி 1913இல் வியன்னாவில் பனெத் என்பாருடன் சேர்ந்து செயற்படுத்தினார். 1923இல் அவரைச் செடியில் ஈயம் செல்லும் வழியையும், 1935இல் எலிகளின் உடலிற் பொசுபரசு செல்லும் வழியையும் ஆராய்ந்தார். 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெற் பரிசு அவரைச் சார்ந்தது.

மருந்துகளிற் பெரும்பாலானவை காபன் சேர்வைகள். 1940இல் அமெரிக்காவிற் கேமனும் உரூபனும் காபன்-14ஐக் கண்டறிந்தமையால் மருந்து மூலக்கூற்றுக்கே அடையாளமிடல் எளிதாயிற்று. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 5730 ஆண்டுகள். ஆதலின் பரிசோதனைக் காலத்தில் அதன் கதிர்வீச்சுக் குன்றுவதில்லை.

அடையாளமிட்ட மருந்தை எலிக்கு ஊட்டி, மலத்தில் வெளிப்படும் கதிரியக்கத்தைக் கழித்தால் அகத்துறிஞ்சப்பட்ட அளவு கிடைக்குமெனத் தோன்றலாம். அது பொருந்தாது. குருதியிற் சேர்ந்த மருந்தையும் ஈரல் பித்தநீர் வழியே குடலுக்குத் திருப்பியனுப்பக்கூடும். எனவே, அதே மருந்தை நாளத்திற் செலுத்தியும் ஒப்புநோக்குவர். உதாரணமாக, நாளத்திற் செலுத்தியபோது நூற்றுக்கு 40 பங்கு சிறுநீரிலும் 60 பங்கு மலத்திலும் வெளிப்பட்டன எனவும், வாய்வழி கொடுத்தபோது முறையே 30, 70 எனவும் கொள்வோம். மலத்தை மட்டும் நோக்குவோர் 30 பங்கே உறிஞ்சப்பட்டதென்பர். ஆயின், சிறுநீர் அளவுகளை ஒப்பிட்டால் 40க்கு 30, அஃதாவது நூற்றுக்கு 75 பங்கு உறிஞ்சப்பட்டமை புலனாகும். குருதியிற் சேர்ந்தபின் வெளியேறும் வழிகள் ஈரிடத்தும் ஒத்தனவென்பதே இக்கணக்கின் அடிப்படை. பித்தக்கானிற் குழாய் பொருத்திய எலிகளிற் பித்தநீர், சிறுநீர், உடல் ஆகியவற்றிலுள்ள கதிரியக்கத்தைக் கூட்டியும் இதனைச் சரிபார்ப்பர்.

எனினும், கருவி எண்ணுவது அடையாள அணுவையே. மருந்து உருமாறாதிருந்ததா என்பதை அது கூறாது. 1960ஆம் ஆண்டுகளில் ஜேம்சு பிளாக்கு என்னும் அறிஞரின் ஆய்வால் வழக்குக்கு வந்த புரொப்பிரனலோல் இதற்குத் தக்க சான்று. அம்மருந்து குடலிலிருந்து ஏறத்தாழ முழுதும் உறிஞ்சப்படினும், ஈரலைக் கடக்கையிற் பெரும்பகுதி மாற்றமுறுவதால், நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கே உருமாறாது உடலெங்கும் பரவும் குருதியை அடைகிறது. அன்றியும், எலியின் குடலும் ஈரலும் மனிதருடையவற்றை முற்றும் ஒத்தனவல்ல. எலிக்குப் பித்தப்பையே இல்லை.

ஆகவே, உறிஞ்சப்பட்ட அளவு வேறு. பயன்படும் அளவு வேறு. சுவடு செல்வழியைக் காட்டும்; சென்றது யாது என்பதை வேறு சோதனையாலேயே தேறல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராது வகுக்கும் மருந்தளவு நோயாளிக்கே தீங்காய் முடியும்.