கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தொழில்திறனும் பயிற்சியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் நகரைக் கடந்து மேலேறினால் வரும் சிற்றூர் கியா பார்ம். இவ்வூரின் அருகே பிரியும் கிளைச்சாலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கு இட்டுச் செல்கிறது. சரிவெங்கும் ஒரே மட்டமாக விரிந்திருக்கும் பசுமையைப் பயணிகள் இயற்கையின் கொடையாகவே காண்கின்றனர். ஆயின், வெட்டாது விட்டால் தேயிலை மரமாக ஓங்கி வளரும் இயல்புடையது. அதனை இடுப்பளவில் நிறுத்தியிருப்பது தொழிலாளரின் கைத்திறனே. அத்திறன் எவ்வாறு பயிற்றப்பட்டது, ஏன் கல்வியாக மதிக்கப்படவில்லை என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியில் நில அளவை மேற்கொண்டார். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இப்பெயர்கள் ஆவணங்களில் நிலைபெற்றுள்ளன. காட்டை அழித்து, நாற்று வளர்த்து, மண் அரிக்கப்படாதவாறு சரிவுக்குக் குறுக்கே செடிகளை நிரைப்படுத்தியோருள் பெரும்பங்கினர் தமிழர்கள். அவர்களின் திறனோ 'கூலி' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டது.

அவ்வேலைகளைச் சற்று நுணுகி நோக்குவோம். கொழுந்து பறிப்பவர் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எனத் தெரிந்து கிள்ளவேண்டும். முற்றிய இலை கலந்தால் தேநீரின் தரம் குன்றும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் கவாத்தில் எக்கிளையை நீக்குவது, எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்பதைச் செடியின் நிலை நோக்கி முடிவு செய்யவேண்டும். பிழையான வெட்டு செடியை நலிவித்துவிடும். இவை வெறும் உடலுழைப்பு அல்ல. கண்ணும் கையும் இணைந்து பெறும் அறிவு.

இவ்வறிவுக்குப் பாடநூல் இல்லை. பறிக்கும் நிரையே வகுப்பறை. தாயின் அருகில் நின்று மகளும், மூத்தோரின் கத்தியைப் பார்த்து இளையோரும் கற்றனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபின், தோட்டத்திலேயே வாழ்ந்த குடும்பங்கள் வழியாகத் திறன் கைமாறுவது மேலும் இன்றியமையாததாயிற்று எனக் கருதலாம். பின்னாளில் கத்தரிகளும் இயந்திரங்களும் வந்தன. குடும்பங்கள் பல தோட்டத்தை விட்டு வெளியேறின. வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் அவ்விடத்தை நிரப்பினர். வெளியேறியோர் தம் திறனுக்குச் சான்றாக எடுத்துச்செல்ல ஒரு தாளும் இல்லை.

இதே காலப்பகுதியில் பூங்காக்களையும் சாலையோரச் சோலைகளையும் அமைத்துப் பேணும் நிலவனப்புப் பணி நாட்டில் தனித் துறையாக வளர்ந்தது. 1996இல் தேசிய நிலவனப்புத் துறை தோற்றுவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் மலேசியத் திறன் சான்றிதழுக்குச் சட்ட அடிப்படை வகுத்தது. பயிற்சி நிலையத்தில் பயிலாதவரும், தம் பணி அனுபவத்தை ஆதாரங்களுடன் மெய்ப்பித்து அச்சான்றிதழைப் பெறும் வழியும் உள்ளது. நாற்றங்கால், கவாத்து, சரிவுநிலம் பேணல் ஆகியவற்றை அறிந்தவருக்கு நிலவனப்புப் பணி அயலானது அன்று.

எனவே, கைத்தொழிலைக் கல்வியினின்று பிரித்துப் பார்க்கும் நம் பழக்கமும் மறு ஆய்வுக்குரியது. 'தோட்டத்து வேலைக்குப் போகாதே' என்று மாணவரை ஊக்கிய தமிழாசிரியர்களின் நோக்கம் உயர்ந்ததே. அவ்வேலையின் வறுமை அத்தகையது. எனினும், வறுமையை விலக்கும்போது அறிவையும் சேர்த்து விலக்கிவிடலாகாது. எஞ்சியுள்ள மூத்தோரிடமிருந்து கவாத்து முறைகளையும் தொழிற்சொற்களையும் பதிவு செய்வது இன்று நம்முன் உள்ள கடமை. அவர்கள் மறைந்தபின் செடிகள் நிற்கும். அவற்றை நிறுத்திய அறிவின் வரலாறு நமக்குக் கிட்டாது.