மருத்துவரைத் தேடிய தாய்



சர்க்கரை சேர்க்காத குளிர்பானங்கள் சிலவற்றின் டின்னைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். பீனைல்கீட்டோனூரியா உள்ளவர்கள் கவனிக்க வேண்டும், இதில் பீனைல்அலனின் உள்ளது என்னும் பொருளில், மிகச் சிறிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். வாய்க்குள் எளிதில் நுழையாத அந்தப் பெயரை நாம் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அப்பெயருக்குப் பின்னால் நார்வே நாட்டுத் தாய் ஒருவரின் பல ஆண்டு அலைச்சல் இருக்கிறது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

நார்வேயைச் சேர்ந்த ஹேரி ஏகெலாந்த், போர்க்னி ஏகெலாந்த் தம்பதியர்க்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் லிவ், 1927ஆம் ஆண்டில் பிறந்தவள். இளையவன் டாக், 1930ஆம் ஆண்டில் பிறந்தவன். பிறந்தபோது இருவரும் மற்றக் குழந்தைகளைப் போலவே நலமாக இருந்தனர். ஆனால் லிவ் நடக்கத் தாமதமானது. மூன்று வயதாகியும் சில சொற்களுக்கு மேல் பேச்சு வரவில்லை. டாக்கின் நிலை அதைவிடக் கடுமையாக இருந்தது. நான்கு வயதை நெருங்கியபோதும் அவனால் நடக்கவோ, பேசவோ, தானாக உண்ணவோ முடியவில்லை.

தாய் வேறொன்றையும் கவனித்திருந்தார். குழந்தைகளின் மேனியிலும் தலைமுடியிலும் சிறுநீரிலும் ஒருவிதமான புழுங்கிய வாடை வீசியது. எத்தனை முறை குளிப்பாட்டினாலும் அது போகவில்லை. போர்க்னி மருத்துவர் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் சென்றார். பார்த்தவர் எவராலும் காரணம் கூற இயலவில்லை. வாடையைப் பற்றி அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு ஏன் இப்படி ஆனது என்ற கேள்வியை மட்டும் அவர் கைவிடவில்லை.

1934ஆம் ஆண்டில், அறிமுகமானவர் வழியாக அக்குடும்பம் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரை அணுகியது. அவர் ஓஸ்லோவில் பணியாற்றிய பேராசிரியர். 1888ஆம் ஆண்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் வேதியியல் பயின்று, அதன் பின்னரே மருத்துவம் கற்றவர். இந்த இரட்டைப் படிப்புத்தான் பின்னர்ப் பெரிதும் துணை நின்றது.

ஃபோலிங் குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார். உடலில் குறிப்பிடத்தக்க குறை எதுவும் தென்படவில்லை. சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லி, அந்நாளைய வழக்கமான சோதனைகளைச் செய்தார். அவற்றுள் ஒன்று, சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சில துளிகள் விடுவது. நீரிழிவு நோயாளிகளிடம் காணப்படும் சில பொருள்கள் இருந்தால் சிறுநீர் செம்பழுப்பாக மாறும். இல்லையென்றால் நிறம் மாறாது. ஆனால் இக்குழந்தைகளின் சிறுநீர் கரும்பச்சை நிறமாயிற்று. அப்படியொரு மாற்றத்தை அவர் பார்த்ததுமில்லை, படித்ததுமில்லை.

உட்கொண்ட மருந்து ஏதேனும் இதற்குக் காரணமாகலாம் என்று கருதி, எல்லா மருந்துகளையும் நிறுத்திவிட்டு மீண்டும் சிறுநீரைக் கொண்டுவரும்படி தாயிடம் கூறினார். மருந்தை நிறுத்திய பின்னரும் அதே பச்சை நிறம் தோன்றியது. இது என்ன பொருள் என்று கண்டறிய வேண்டுமென்றால் நிறைய சிறுநீர் தேவைப்பட்டது. ஏறக்குறைய இரண்டு மாதக் காலம் போர்க்னி அதைச் சேகரித்துக் கொண்டுவந்தார். மொத்தம் 20 லிட்டருக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். இன்னும் அணையாடை கட்டிய நிலையிலிருந்த மகனிடமிருந்து அதைச் சேகரிப்பது எத்தகைய பாடு என்பதைப் பிள்ளை வளர்த்தவர்கள் அறிவார்கள்.

ஃபோலிங்கின் வேலையும் எளிதாக இருக்கவில்லை. அப்பொருள் காற்றுப் பட்டால் விரைவில் சிதைந்துவிடும். மிகுந்த கவனத்தோடு அதைப் பிரித்தெடுத்து, 9 கார்பன், 8 ஐதரசன், 3 ஆக்சிசன் அணுக்களைக் கொண்ட பீனைல்பைருவிக் அமிலம் என்று உறுதிப்படுத்தினார். நலமுள்ளவரின் சிறுநீரில் அது காணப்படுவதில்லை. பின்னர் ஓஸ்லோ வட்டாரத்தில் மனவளர்ச்சி குன்றியோர்க்கான இல்லங்களிலிருந்து 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார். அவர்களுள் எட்டுப் பேரிடம் அதே பச்சை நிறம் தோன்றியது. லிவ், டாக் இருவரையும் சேர்த்துப் பத்துப் பேர். அதே 1934ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். சில குடும்பங்களில் உடன்பிறந்தோர்க்கும் இந்நோய் இருந்தமையால் இது மரபுவழி வருவது என்பதும் புலப்படத் தொடங்கியது.

பின்னாளில் முழு விளக்கம் கிடைத்தது. நாம் உண்ணும் புரதத்தில் பீனைல்அலனின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. அதை வேறொரு பொருளாக மாற்றுவதற்குக் கல்லீரலில் ஒரு நொதி வேலை செய்கிறது. இந்நோயுற்ற குழந்தையிடம் அந்நொதி சரியாக இயங்குவதில்லை. ஆகவே பீனைல்அலனின் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. மிஞ்சியது வேறு வடிவங்களில் சிறுநீரோடும் வியர்வையோடும் வெளியேறுகிறது. தாய் உணர்ந்த வாடை அங்கிருந்துதான் வந்தது. அவருடைய மூக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

தாய்க்கும் தந்தைக்கும் நோய் இல்லாமலே, பழுதுபட்ட மரபணு ஒன்று இருவரிடமும் மறைந்திருக்கக்கூடும். அத்தகைய பெற்றோர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதில் எவருடைய குற்றமும் இல்லை. வளர்ப்பின் குறையும் இல்லை. 1937ஆம் ஆண்டில் பென்ரோசும் குவாசுட்டலும் இந்நோய்க்குப் பீனைல்கீட்டோனூரியா என்று பெயரிட்டார்கள். நார்வேயில் இதனை ஃபோலிங் நோய் என்றும் வழங்குகின்றனர்.

காரணம் தெரிந்தது, சிகிச்சை கிடைக்கவில்லை. டாக் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே இறந்தான். லிவ் வாழ்நாள் முழுவதும் பிறருடைய பராமரிப்பில் இருக்க நேர்ந்தது. அத்தாயின் தேடல் சொந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. இதனை எழுதும்போது மனம் கனக்கிறது.

விடை தெரியாமலே தேடி அலைந்த தாய்மார்கள் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவர் உலகறிந்த எழுத்தாளர் பெர்ல் பக். 1938ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர். அவருடைய மகள் கேரல் 1920ஆம் ஆண்டில் சீனாவில் பிறந்தாள். மகள் ஏன் மற்றப் பிள்ளைகளைப் போல் வளரவில்லை என்று அறிய அவர் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று மருத்துவர் பலரைக் கண்டார். குழந்தை ஒருபோதும் இயல்பாக வளராது என்ற உண்மையை மின்னசோட்டாவில் ஒரு மருத்துவர் மட்டுமே மறைக்காமல் கூறினார். அந்த அனுபவத்தை 1950ஆம் ஆண்டில் நூலாகவே எழுதினார். தம் பிள்ளையின் குறையை ஊரறியச் சொல்ல எவரும் துணியாத காலம் அது. கேரலுக்கு இருந்தது பீனைல்கீட்டோனூரியா என்பது அதன் பிறகே தெரியவந்தது.

சிகிச்சைக்கான கதவைத் தட்டியவரும் ஒரு தாய்தான். 1951ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பர்மிங்காம் சிறுவர் மருத்துவமனையில் ஷீலா என்னும் 17 மாதக் குழந்தைக்கு இந்நோய் இருப்பதை ஹோர்சுட் பிக்கல் என்ற இளம் மருத்துவர் கண்டறிந்தார். நோயின் பெயரைக் கூறினார். மருந்தில்லை என்றும் கூறினார். ஷீலாவின் தாய் அதை ஏற்கவில்லை. நாள்தோறும் காலையில் ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நின்று, என் பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

வேறு வழியின்றிப் பிக்கலும் உடன் பணியாற்றிய ஜெரார்டும் ஹிக்மன்சும் இலண்டனிலிருந்த லூயிசு உல்ஃபின் யோசனையை நாடினார்கள். பாற்புரதத்தைச் சிதைத்து, கரியின் ஊடே வடிகட்டி, பீனைல்அலனினை நீக்கிய ஓர் உணவைத் தயாரித்தார்கள். சில மாதங்களில் ஷீலா தவழவும் எழுந்து நிற்கவும் கற்றாள். தலையை மோதிக்கொள்வதை நிறுத்தினாள். கண்களில் ஒளி வந்தது. உணவினால்தான் இம்மாற்றமா என்பதை உறுதி செய்ய, தாய்க்குத் தெரிவிக்காமலே பீனைல்அலனினை மீண்டும் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தை சில மணி நேரத்திலேயே அழத் தொடங்கி, சில நாள்களில் கற்றதை இழந்தாள். இக்கால மருத்துவ நெறி இச்செயலை ஒப்பாது. ஆனால் உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு ஐயமற நிறுவப்பட்டது. 1953ஆம் ஆண்டில் ஆய்வு வெளியாயிற்று. ஷீலாவுக்கு உணவுமுறை தொடங்கியது காலங்கடந்த பின்னர். மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு முழுதும் நீங்கவில்லை.

பிறந்த சில நாள்களிலேயே நோயை அறிய வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. அதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவருடைய மகன் மனவளர்ச்சி குன்றியவன். மனைவி வழி உறவில் ஒரு பெண் குழந்தைக்கு 1958ஆம் ஆண்டில், 15 மாத வயதில், பீனைல்கீட்டோனூரியா இருப்பது தெரிந்தது. கத்ரி நுண்ணுயிரியல் அறிந்தவர். குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தமெடுத்து வடிதாளில் உலரவைத்து, பாக்டீரியா வளர்க்கும் தட்டில் வைத்தார். இரத்தத்தில் பீனைல்அலனின் மிகுந்திருந்தால் அத்துளியைச் சுற்றிப் பாக்டீரியா வளரும். மலிவானது, எளியது, ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஒருங்கே செய்யத்தக்கது. 1963ஆம் ஆண்டில் மாசசூசெட்சு மாநிலம் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இச்சோதனையைச் சட்டமாக்கியது. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. முதல் சில வாரங்களுக்குள் உணவுமுறையைத் தொடங்கிக் கடைப்பிடிக்கும் குழந்தைகள் இன்று மற்றவர்களைப் போலவே படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துகிறார்கள்.

சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாட்டுச் சோதனை 1965ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2006ஆம் ஆண்டு முதல் பீனைல்கீட்டோனூரியா உள்ளிட்ட பல நோய்களுக்கான விரிவான சோதனைத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவிலும் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு ஜி6பிடி குறைபாடும் தைராய்டுச் சுரப்புக் குறைபாடும் சோதிக்கப்படுகின்றன. ஆயினும் அரிய நோய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எந்தச் சோதனைப் பட்டியலும் அவை அனைத்தையும் அடக்கிவிடாது. ஆகவே போர்க்னி நடந்த வழியில் இன்றும் சில பெற்றோர் நடக்க வேண்டியிருக்கிறது.

அத்தகைய பெற்றோர்க்குச் சில சொற்கள். உங்கள் கண்ணில் பட்டதை, அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், நாளும் வயதும் குறித்து எழுதி வையுங்கள். நேற்று வரை செய்ததை இன்று பிள்ளை மறந்திருந்தால் அதையும் எழுதுங்கள். குடும்பத்தில் வேறு எவருக்கும் இப்படி இருந்ததா என்பதை மறைக்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் தொடங்கி, குழந்தை நல மருத்துவரிடம் சென்று, மரபியல் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அத்துறை நிபுணர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தெரியவில்லை என்று சொன்னால், யாருக்குத் தெரியும் என்று அவரையே கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கினால் மந்தம், சோம்பல், வீட்டில் கவனிப்பில்லை என்று அறிக்கையில் எழுதிவிடுவது எளிது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாய் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தபோது, வரிசையில் காத்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே தலையாட்டி அனுப்பியும் இருக்கிறேன். அவர் சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போர்க்னியின் வரலாற்றைப் படித்த நாளிலிருந்து அந்த முகம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

1962ஆம் ஆண்டில் ஃபோலிங்குக்கு அமெரிக்காவின் கென்னடி அறக்கட்டளை விருது வழங்கிச் சிறப்பித்தது. அவர் அதற்கு முற்றிலும் தகுதியானவர். அவருடைய பெயரை நார்வே மக்கள் நோய்க்கே சூட்டிவிட்டார்கள். போர்க்னியின் பெயர் எந்த நோய்க்கும் இல்லை. அவர் சொன்னதை ஒரு மருத்துவர் காதுகொடுத்துக் கேட்டார். அதனால் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் காப்பாற்றப்பட்டார்கள். அடுத்த முறை ஒரு தாய் நம்மிடம் தயங்கிப் பேச வரும்போது, நாற்காலியை இழுத்துப் போட்டு, முழுவதும் கேட்போம்.