எண் ஏறினால் திறன் ஏறுமா?
கிராஃபிக்ஸ் கார்டுகளின் வரலாறு சொல்லும் கணக்கு

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் கல்வெட்டு, வட்டெழுத்து, பழைய ஊர்ப்பெயர் என்று எதையாவது எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்து வருகிறவன் நான். இந்த முறை ஒரு மாறுதலுக்காக, மும்பை லாமிங்டன் ரோட்டில் எனக்குச் சோறு போடும் பொருளைப் பற்றி எழுத எண்ணினேன். கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டுதான் அது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுக்கும் நம் குடும்பங்கள் அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் கைப்பணம் மிஞ்சும்.

இதை எழுதத் தூண்டியது என் சொந்தப் பிழை. 2000-களின் நடுவில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் மகனின் அனிமேஷன் படிப்புக்காகக் கார்டு கேட்டு வந்தார். வீட்டில் இருந்த கார்டில் 128 எம்பி நினைவகம். "சார், இது புது மாடல், 256 எம்பி இருக்கு, ரெண்டு மடங்கு வேகம் வரும்" என்று சொல்லி விற்றுவிட்டேன். பத்தாம் நாள் பையனே வந்து நின்றான். "மாமா, பழசுலயே வேகமா ஓடிச்சு" என்றான். கடையிலேயே போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது மெய். நினைவகம் இரட்டிப்பாகியிருந்தது. ஆனால் நினைவகத்துக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதை, கடையில் 'பஸ்' என்போமே, அது 128 பிட்டிலிருந்து 64 பிட்டாகச் சுருங்கியிருந்தது. கிடங்கு பெரிது, வாசல் சின்னது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வந்தவாசிப் பக்கம் நெல் வியாபாரம் செய்த என் அப்பா, "மரக்கால் அளவு தெரியாம விக்கிறவனும் திருடன்தான்" என்பார். அந்தச் சொல் அன்று எனக்கே பொருந்திவிட்டது.

அதன் பிறகு கார்டுப் பெட்டியைக் கல்வெட்டு படிக்கிற மாதிரி படிக்கத் தொடங்கினேன். சோழர் கல்வெட்டுகளில் முதலில் மெய்க்கீர்த்தி வரும். அரசன் புகழெல்லாம் அதில் இருக்கும். பிறகுதான் எத்தனை வேலி நிலம், எவ்வளவு நெல் என்ற கணக்கு. இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களையோ சோழர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். பட்டத்தை மட்டும் வைத்து எந்த அரசன் என்று சொல்லிவிட முடியாது. கார்டின் பெயரும் எண்ணும் அந்தப் பட்டம் போலத்தான். கணக்கைத் தனியே பார்க்க வேண்டும்.

ஆதி நாளில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடு சிப் 50 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 1998-இல் வந்த வூடு-2 90 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 1999-இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்து, அதுவரை பிராசசர் சுமந்த வடிவ, ஒளிக் கணக்குகளையும் தானே ஏற்றுக்கொண்டது. புதுசு என்றால் வேகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இது முதலில் பிசகியது 2002-இல். அதற்கு முந்தைய ஆண்டின் ஜீஃபோர்ஸ் 3-இல், ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நிரல் எழுதி ஆளக்கூடிய ஷேடர் வசதி இருந்தது. பிறகு வந்த ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் வரிசைக்கு எண் கூடியது. ஆனால் அந்தப் பிக்சல் ஷேடர் அதில் கிடையாது. 2003-இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' விளையாட்டு மூன்றில் ஓடும், நான்கு எம்எக்ஸில் ஓடாது.

அடுத்தது 2006 நவம்பரில் வந்த 8800 ஜிடிஎக்ஸ். 128 கணிப்பு அலகுகள், 768 எம்பி, 384 பிட் பாதை, வினாடிக்கு 86.4 ஜிபி தரவு போய்வரும். 2008-இல் வந்த 9800 ஜிடிஎக்ஸிலும் அலகுகள் அதே 128. நினைவகம் 512 எம்பி, பாதை 256 பிட், வினாடிக்கு 70.4 ஜிபி. சிப் சற்று வேகமாக ஓடியதால் சாதாரணத் திரையில் புதியது ஈடுகொடுத்தது, விலையும் குறைவு. பெரிய திரையில், படத்தின் ஓரங்களை மழமழப்பாக்கும் வசதியையும் போட்டு ஓட்டினால் பழையதே முந்தியது. அதே ஜி92 சிப் 2009-இல் ஜிடிஎஸ் 250 என்று மூன்றாவது பட்டமும் சூடியது. ஒரு நிறுவனத்தை மட்டும் சொல்வது நியாயம் ஆகாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 (2016), ஆர்எக்ஸ் 580 (2017) இரண்டிலும் அதே 2304 அலகுகள்தான். ஓட்டம் மட்டும் கொஞ்சம் கூடியது.

நம் காலத்துக்கு வருவோம். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி, 192 பிட் பாதை. மின்சாரம் 170 வாட். 2023-இல் வந்த 4060-இல் 8 ஜிபி, 128 பிட். மின்சாரம் 115 வாட். பெரும்பாலான விளையாட்டுகளில் புதியதே வேகம். சிப்புக்குள்ளேயே 24 எம்பி இடைநினைவகம் வைத்து வாசல் குறுகியதை ஈடுகட்டினார்கள். ஆனால் அனிமேஷன் காட்சி 8 ஜிபிக்குள் அடங்காவிட்டால் பழைய கார்டுதான் கைகொடுக்கும். ஆகவே பழசே நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. எந்த வேலைக்கு என்பதே கேள்வி.

மெய்க்கீர்த்தியின் உச்சம் 2025 ஜனவரியில் வந்தது. 549 டாலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070, 4090-இன் திறனைத் தரும் என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் அறிவித்தார். செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். கணக்கைப் பாருங்கள்: 4090-இல் 16,384 அலகுகள், 24 ஜிபி, 5070-இல் 6,144 அலகுகள், 12 ஜிபி. கார்டு ஒரு படத்தை வரைந்தால், அடுத்து மூன்று படங்கள் வரை செயற்கை நுண்ணறிவு ஊகித்து நடுவே செருகும். திரையில் ஓட்டம் மழமழவென்று தெரியும். ஆனால் ஊகித்த படம் உங்கள் விரல் அசைவுக்கு விடை சொல்லாது. அனிமேஷன் மாணவனின் வேலையையும் சீக்கிரம் முடித்துத் தராது.

எனவே கடைக்குப் போகும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். நினைவகம் எவ்வளவு, பாதை எத்தனை பிட்? ஒரே விளையாட்டு, ஒரே திரை அளவில், செருகிய படங்கள் இல்லாமல் இரண்டையும் ஒப்பிட்டார்களா? சராசரி வேகத்தோடு மிகக் குறைந்த வேகத்தையும் சொல்கிறார்களா? நம் பழைய மதர்போர்டும் பிராசசரும் இந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்குமா? கடைசிக் கேள்வியை மறந்து, பழைய பெட்டியில் புதுக் கார்டைப் போட்டுவிட்டு வேகம் வரவில்லையே என்று வருந்துகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

அந்தப் பையன் படிப்பை முடித்து இப்போது அனிமேஷன் துறையில்தான் இருக்கிறான். கார்டு வாங்க இன்றும் என் கடைக்கே வருகிறான். விலை கேட்பதற்கு முன்னால், "மாமா, வாசல் எவ்வளவு?" என்றுதான் கேட்பான்.